நூற்று இருபத்தைந்து நடை

வண்டிக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஆயில் மாற்றிய நாள், காற்று அடித்த நாள், டேங்க் நிரப்பியபோது மீட்டர் காட்டிய கிலோமீட்டர், போட்ட லிட்டர் எல்லாம் அதில் இருக்கும். எப்போதும் ஒரே பங்க், ஒரே குழாய், முதல் தடவை தானாக நிற்கும் வரை மட்டும் பெட்ரோல். அப்போதுதான் ஒரு டேங்கை இன்னொரு டேங்கோடு ஒப்பிட முடியும். மனிதர்களைப் பற்றி எழுத வேறு நாட்குறிப்பு உண்டு. இந்த நோட்டில் என் மனைவி வந்துவிட்டது நான் திட்டமிட்டதல்ல.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து கடத்தூர் வழியாகத் தர்மபுரிக்கு டயாலிசிஸ் செய்ய அழைத்துப் போவேன். எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை போக வர எண்பத்தெட்டு கிலோமீட்டர். நான்கு மணி நேரம் இயந்திரத்தில் கிடந்து எழுந்தவளால் பஸ்ஸில் நிற்க முடியாது. பழைய கார் ஒன்று இருந்தது. அதன் பின் சீட்டு அவளுடையதாகிவிட்டது.

ஓர் ஐப்பசி வெள்ளிக்கிழமை, திரும்பி வரும்போது நல்ல மழை. கடத்தூருக்கு முன்னால் ஒரு வளைவில் மாடு குறுக்கே வர, பிரேக் மிதித்தேன். வண்டி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு போய் மாட்டுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

பின் சீட்டில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "ஏங்க, மிசின்ல போட்டு நாலு மணி நேரம் காப்பாத்தறாங்க. நீங்க நாலு நொடியில முடிச்சிருவீங்க போல."

இறங்கிப் பார்த்தேன். நான்கு டயரும் மொட்டை. ஆயில் தேதியையும் காற்று தேதியையும் எழுதிய நான், டயர் தேய்வதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கவில்லை.

டயாலிசிஸ் இல்லாத புதன்கிழமை தர்மபுரிக்குக் கிளம்பினேன். அவளும் வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். "அதுல படுத்துக்கினு வர்றவ நானு. நான் பாக்காம டயர் மாத்திருவீங்களா?"

டயர்க்கடை பாய் எங்களுக்குப் பல வருடப் பழக்கம். அவளுக்கு ஒரு நாற்காலியை மின்விசிறிக்கு நேரே இழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தன. ஒன்றில் மட்டும் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது.

"சார், ஃபிரிட்ஜுல ஸ்டார் ஒட்டியிருப்பாங்கல்ல, அதேதான் இப்ப டயருக்கும். கவர்மெண்டு கொண்டாந்தது. டயர் உருள்றதுக்கு எஞ்சின் எவ்ளோ இழுக்கணும்னு சோதிச்சு ஸ்டார் குடுக்கறாங்க. ஸ்டார் கூடினா பெட்ரோல் கம்மியா குடிக்கும். எத்தினி ஸ்டார் பாக்கறீங்க?"

நாற்காலியிலிருந்து அவள் குரல் வந்தது. "எனக்குப் பூரட்டாதிங்க பாய்."

பாய் வாய்விட்டுச் சிரித்தார். "அம்மா, அந்த நட்சத்திரம் கோயில் அர்ச்சனைக்கு. இது டயருக்கு."

"அது வழுக்காதுங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல."

"ஸ்டாரு பெட்ரோலுக்கு மட்டும்தாம்மா. ஈரத்துல புடிமானத்துக்கு வேற சோதனை இருக்குது. அதுலயும் பாஸான டயருதான் இது. பயப்படாதீங்க."

ஸ்டார் ஒட்டிய டயர் ஒன்றுக்கு எழுநூறு ரூபாய் அதிகம். நான்குக்கு இரண்டாயிரத்து எண்ணூறு. எங்கள் அப்போதைய நிலையில் அது சிறிய தொகை இல்லை. மாதச் செலவில் எதை எடுத்தாலும் ஆஸ்பத்திரி போக மிச்சம்தான் மற்றதெல்லாம். அரசாங்கம் நல்லதற்குத்தான் ஒரு விதி கொண்டு வருகிறது, ஆனால் அதன் முதல் செலவை மொட்டை டயரோடு நிற்பவன் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன். நூறு ரூபாய்ப் பெட்ரோலுக்கு நாலு ரூபாய் மிச்சமாகும் என்றார் பாய். நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அவருடைய பில் புத்தகத்தின் பின் அட்டையில் கணக்குப் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் ஒரு நடைக்கு ஐந்தரை லிட்டர். லிட்டர் நூற்றிரண்டு ரூபாய். நூற்றுக்கு நாலு வீதம் ஒரு நடைக்கு இருபத்திரண்டு ரூபாய் நாற்பத்து நாலு காசு மிச்சம்.

"நூத்தி இருவத்தஞ்சு நடையில கூடப் போட்ட பணம் திரும்பி வந்துரும்" என்றேன், சத்தமாக.

அவள் பாய் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் நூத்தி இருவத்தஞ்சு தடவை வந்தாவணும். இல்லன்னா இவருக்கு நட்டம். மாட்டுங்க பாய்."

வாரம் இரண்டு என்றால் நூற்று இருபத்தைந்து நடைக்கு ஒரு வருஷமும் இரண்டரை மாதமும் ஆகும். அதை நான் சொல்லவில்லை. அவள் வீட்டுக்கு வரும் வழியிலேயே விரல் விட்டு எண்ணி முடித்துவிட்டாள்.

மறுநாள் நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, ஐந்து ஐந்தாகக் கட்டம் போட்டேன். வெள்ளிக்கிழமை திரும்பியதும் முதல் கோடு. அடுத்த செவ்வாயிலிருந்து வண்டியில் ஏறும்போதே கேட்க ஆரம்பித்தாள். "இன்னிக்கு எத்தினியாவது?" ஊசி குத்தும் நர்ஸிடமும் அதைச் சொல்வாள். "இன்னிக்குப் பதினெட்டு. எங்க வூட்டுக்காரர் டயரு கடன் தீர இன்னும் நூத்தி ஏழு."

தை மாதம், சித்தேரி அடிவாரத்தில் அவள் அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குப் போய் வந்தோம். முப்பத்து நாலு கிலோமீட்டர். அதிலும் பெட்ரோல் மிச்சமாகியிருக்கும் என்பதால் 0.39 நடை என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"இது என்னங்க புள்ளி வெச்சி?"

விளக்கினேன்.

"எங்க அண்ணன் வூட்டு விசேசம் அரை நடைகூடப் பெறாதா?" என்று சிரித்தவள், பிறகு சிரிக்காமல் சொன்னாள். "அதை அடிச்சிருங்க. ஆஸ்பத்திரிக்குப் போறது மட்டும் எண்ணுங்க. ஊருக்குப் போறது வர்றதெல்லாம் சேத்தா சீக்கிரம் தீந்துரும்."

அன்றுதான் எனக்குப் புரிந்தது. அவள் அந்த எண்ணைத் தனக்குக் கொடுத்த தவணையாக எடுத்துக்கொண்டிருந்தாள். கடையில் விளையாட்டாகத்தான் தொடங்கினாள். எந்த வாரத்தில் அது மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு என் நோட்டில் பதிவு இல்லை. சிவப்பு மையால் 0.39ஐ அடித்தேன்.

பெட்ரோல் விலை குறையலாம் என்று ஒரு நாள் தொலைக்காட்சியில் சொன்னார்கள். "குறைஞ்சா நம்ம கணக்கு என்ன ஆவும்?" என்றாள். விலை குறைந்தால் மிச்சமாவதும் குறையும், அதனால் நடை கூடும், லிட்டருக்கு இரண்டு ரூபாய் குறைந்தால் மூன்று நடை கூடும் என்றேன். "அப்ப குறையட்டும்" என்றாள். அதன் பிறகு பங்கில் நிற்கும்போதெல்லாம் கண்ணாடியை இறக்கி விலைப் பலகையைப் பார்ப்பாள். அது அசையவே இல்லை.

"நீங்களா ஒரு நூத்தம்பதுன்னு வெச்சிக்கிட்டா என்னங்க? யாரு கேக்கப் போறா?" என்று ஒரு முறை கேட்டாள்.

"கணக்கு அப்படி வரலியே" என்றேன்.

இதை எழுதும்போது என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதைத்தான் சொன்னேன்.

அறுபதாவது நடை வைகாசியில் வந்தது. அதற்குள் புது டயரில் பதினெட்டு டேங்க் ஓடியிருந்தது. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். பழைய டயரில் லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர். பாய் சொன்னபடி நூற்றுக்கு நாலு மிச்சமானால் பதினாறே முக்காலுக்குச் சற்றுக் குறைவாக வரவேண்டும். எனக்குப் பதினாறரைதான் வந்தது. அதாவது மிச்சம் நூற்றுக்கு மூன்று. ஒரு நடைக்குப் பதினாறு ரூபாய் எண்பத்து மூன்று காசு. அந்த வீதத்தில் போட்ட பணம் திரும்ப நூற்று இருபத்தைந்து போதாது. நூற்று அறுபத்தேழு நடை வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும் ஏமாந்துவிட்டோம் என்று பாயிடம் சண்டைக்குப் போயிருப்பார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாற்பத்திரண்டு நடை கூடுதல். ஐந்து மாதம். எழுந்துபோய் அவளிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அவள் உள்ளே புளியில்லாமல், உப்பில்லாமல் தனக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் எழவில்லை. கோடைக்காலம், ஏ.சி. ஓடியிருக்கிறது, அதனால் பெட்ரோல் கூடப் போயிருக்கலாம். போன மழைக்காலத்து டேங்கை இந்த மழைக்காலத்து டேங்கோடு ஒப்பிட்டால்தான் நியாயம். தப்பான எண்ணைக் கொடுத்துவிட்டு, பிறகு பிடுங்கிக்கொள்ளக் கூடாது. மழை வரட்டும், உறுதி செய்துகொண்டு சொல்வோம் என்று பென்சிலால் ஓரத்தில் 167 என்று எழுதிக் கேள்விக்குறி போட்டேன்.

மழை வந்தது. நூறாவது நடையும் வந்தது. அன்று அவள் எண்ணைக் கேட்கவில்லை. அதற்கடுத்த நடையிலும் கேட்கவில்லை. நானாகச் சொன்னால், "சரி சரி, வண்டிய எடுங்க" என்பாள். கால்கள் வீங்கியபடியே இருந்தன. இயந்திரத்திலிருந்து எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கிவிடும். பெங்களூரிலிருந்து மகள் வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள்.

நூற்றுப் பதினேழாவது நடை மார்கழியில் ஒரு வெள்ளி. விடியற்காலையிலேயே மூச்சு வாங்கியது. நேரத்துக்கு முன்பே கிளம்பிவிட்டோம். கடத்தூர் தாண்டியதும், பழைய வளைவில் வேகத்தைக் குறைத்தேன்.

"இன்னிக்கு எத்தினி?" என்று பின்னாலிருந்து கேட்டாள். பல வாரம் கழித்து.

"நூத்திப் பதினேழு."

"இன்னும் எட்டு."

அப்போது சொன்னேன். "எட்டு இல்ல. அம்பது."

"என்னாது?"

"பாய் சொன்ன அளவுக்கு மிச்சமாகலை. நான் அளந்து பாத்தேன். நூத்தி அறுவத்தேழு நடை ஓடணும்."

கண்ணாடியில் பார்த்தேன். தலையைத் தூக்கி முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷத்துக்கு முன் டயர்க்கடை நாற்காலியில் இருந்த முகம் ஒரு நொடி வந்தது.

"நெசமாவா? நல்லாப் பாத்தீங்களா?"

ஆமாம் என்ற ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. அதுதான் உண்மையும்கூட. பதினெட்டு டேங்க் அதைத்தான் சொன்னது. அதற்குப் பின் நிரப்பிய டேங்குகளும் ஏறக்குறைய அதையே சொல்லிக்கொண்டிருந்தன. ஆனால் மழைக்கால டேங்குகளில் ஒன்றை நான் இன்னும் கூட்டியிருக்கவில்லை. முப்பது வருடமாக என் வாய் பழகிய பழக்கம் முந்திக்கொண்டது.

"இன்னும் ஒரு டேங்க் பாக்கணும். பாத்துட்டு உறுதியாச் சொல்றேன்."

அவள் பிடியை விட்டுச் சாய்ந்துகொண்டாள். "சரிங்க. பாத்துட்டே சொல்லுங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. என்னைத் தெரிந்தவள்.

அன்று இயந்திரத்தில் போட்டு முக்கால் மணி நேரத்தில் அவள் போய்விட்டாள். வீட்டுக்கு அவளை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தோம். என் வண்டியை மைத்துனர் ஓட்டி வந்தார். அதனால் நூற்றுப் பதினேழாவது நடையில் பாதியைத்தான் அவள் என் பின் சீட்டில் வந்தாள். அதை நோட்டில் எப்படிக் குறிப்பது என்று தெரியாமல் கட்டத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, தை பிறந்து ஒரு நாள், வண்டியை எடுத்துக்கொண்டு அதே பங்குக்குப் போனேன். அதே குழாய். முதல் தடவை நின்றதும் நிறுத்தச் சொன்னேன். மீட்டரையும் லிட்டரையும் எழுதி, விட்டுப்போன டேங்கையும் சேர்த்து, அங்கேயே ஓரமாக நிறுத்திக் கணக்குப் போட்டேன்.

லிட்டருக்குப் பதினாறரை. ஓரத்தில் பென்சிலால் இருந்த 167ஐ மையால் எழுதி, கேள்விக்குறியை அழித்தேன். பிறகு பழக்கத்தில் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.