இன்றைய தேதியில் ஒரு முத்திரை

கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியத்துக்காக வேங்கிக்காலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நெட்டையான ஒரு பெரியவர் நின்றிருந்தார். பீரங்கிப் படையில் இருந்தவர்; அந்தச் சத்தத்தில் இடது காது போய்விட்டது. யார் பேசினாலும் வலது காதைத் திருப்பித்தான் கேட்பார். அந்த ஊனத்துக்கான ஓய்வூதியம் கேட்டு மனு கொண்டுவந்திருந்தார்.

"டாக்டர் சர்ட்டிபிகேட் இல்லியே. வாங்கிக்கினு அடுத்த மாசம் வாங்க," என்றார் எழுத்தர்.

பெரியவர் வேண்டுமென்றே இடது காதைத் திருப்பிக்கொண்டார். எழுத்தர் அதையே கத்திச் சொன்னார். பெரியவரும் குரலை உயர்த்தினார்:

"சர்ட்டிபிகேட் பின்னால வரும். மனுவை இன்னிக்கே வாங்கி சீல் வைங்க. மனு குடுத்த தேதிய வெச்சுதான பழைய பாக்கியைக் கணக்கு பண்றாங்க? அப்புறம் வா, அப்புறம் வான்னே எனக்குப் பல வருஷம் போச்சு. இனிமே ஒரு நாள்கூட வுடமாட்டேன்."

கடைசியில் எழுத்தர் முத்திரை குத்தினார்.

"அப்பவும் இல்லன்னுட்டா என்னங்க பண்ணுவீங்க?" என்று மெல்லக் கேட்டேன்.

"சண்ட போடுவேம்மா. ஆனா இன்னிக்குத் தேதியிலேர்ந்து போடுவேன்."

அவருக்குக் கிடைத்ததா என்று இன்றுவரை தெரியாது. அடுத்து என் முறை வந்தது. காகிதங்களைப் புரட்டிவிட்டு, "அடுத்த வாரம் வாங்கம்மா," என்றார் எழுத்தர்.

நான் நகரவில்லை.