படத்துக்கு நாலாவது ஆள்

ராஜபாளையத்தில் நான் எடுத்த முதல் பிலிம் சுருளில் ஒருவருக்கும் முகம் இல்லை. வேட்டி இருந்தது, சட்டை பளீரென்று இருந்தது, அதற்கு மேலே கறுப்பாக ஓர் உருண்டை. மாமியார் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நான் யாருட்டி?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! மலேசியாவில், ஈப்போவில் அப்பாவின் ஸ்டூடியோவில், பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து படமெடுத்தவள் நான். கல்யாணமாகி, கேமராவும் கையுமாக வந்து இறங்கிய ஊரில் இப்படியா மூக்கு அறுபட வேண்டும்?

தப்பு வெயிலுடையது. ஈப்போவில் மதியத்துக்கு மேல் மேகம் கூடி, வெளிச்சம் எல்லா முகத்திலும் சமமாகப் படியும். இங்கே மேற்கே அத்தனை பெரிய மலை இருந்தும், வெயில் நேராக உச்சந்தலையில் வந்து உட்காருகிறது. கண் இருக்கும் இடத்தில் நிழல்தான் விழும்.

என் கணவருக்கு சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை. அவர் சாப்பாட்டுத் தூக்கைச் சுற்றிக் கொண்டுவந்த பேண்டேஜ் துணித் துண்டை ஒருநாள் சும்மா வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அடடா, என் ஊர் மேகம்! மறுநாளே முற்றத்துக் கொடியில் இரண்டு மடிப்பாக அதைக் கட்டி, கீழே ஆளை நிறுத்தி, பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டேன். முகங்கள் வந்துவிட்டன. தெருவில் போனவர்கள்தான் "யாருக்கு அடிபட்டிருக்கு?" என்று பதறிக்கொண்டு உள்ளே வந்தார்கள். வந்தவர்களையும் நிறுத்திப் படமெடுத்தேன்.

முகம் வந்தது, சிரிப்பு வரவில்லை. "சிரிங்க" என்றால் "எதுக்கு?" என்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரோட்டத்தில் வடம் பிடித்தவர்கள்கூட கேமராவைக் கண்டதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். தேர் ஓடியதா நின்றதா என்று படத்தைப் பார்த்தால் தெரியாது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். கிளிக் சத்தம் கேட்டதும் எல்லோரும் மூச்சை விடுவார்கள். அந்த நேரத்தில் இன்னொன்று எடுத்துவிடுவேன். முதல் படம் அவர்களுக்கு, இரண்டாவது எனக்கு.

இத்தனை பேரை எடுத்து அனுப்பியும் அப்பாவுக்குத் திருப்தியில்லை. விமானம் ஏற்றும்போதே சொல்லியிருந்தார்: "ஒரு வருஷம் பாரு. ஒத்துவரலைன்னா டிக்கெட் அனுப்புறேன்." பக்கத்து வீட்டுக்கு போன் போட்டு என்னைக் கூப்பிடும்போதெல்லாம் "ஊர் ஒத்துவந்துச்சா?" என்று அதே கேள்வி. நானும் கணவரும் ஸ்டூடியோவில் நின்று எடுத்த படத்தை அனுப்பினேன். "மாப்பிள்ளையை எனக்குத் தெரியும். பகலெல்லாம் நீ யார்கூட இருக்கியோ அவங்களோட நில்லு. பேச்சுல நீ ஏமாத்திடுவ, படத்துல முடியாது" என்றார். முகத்தைப் பார்த்தே பிழைத்த மனுஷர். அவர் என்ன கண்டுபிடிப்பாரோ என்று எனக்கும் பயம்தான். இந்த ஊர் எனக்கு ஒத்துவந்துவிட்டதா என்று எனக்கே தெரியாது. ராத்திரியில் ஈப்போ மழையை நினைத்து அழுததும் உண்டு.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். படத்துக்கு நிற்கலாம் என்றதும் மாமியார் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"மூணு பேரு சேந்து நிக்கக் கூடாதுட்டி. ஒங்க மாமா, நான், ஒங்க பெரியத்தை, குத்தாலத்துல வச்சு எடுத்தோம். அடுத்த சீசனுக்கு ஒங்க மாமா இல்ல."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு மட்டும் கேமராவை மூடி உறைக்குள் போட்டேன்.

"எனக்கு ஆனா ஆகட்டும். ஒங்க ரெண்டு பேருல ஒருத்தருக்கு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்?" என்றார்.

நாலாவதாக ஓர் ஆளைச் சேர்த்துக்கொண்டால் போயிற்று. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அக்காவைக் கூப்பிட்டேன். "செத்த நேரம் இரு" என்று உள்ளே போனவள், வெளிச்சம் மலைக்குப் பின்னால் போகிற நேரத்தில் பட்டுச்சேலையும் காசுமாலையுமாக வந்தாள். "எம்புட்டு நேரம்டி!" என்று மாமியார் கத்தினார். அவளோ, முதலில் தன்னைத் தனியாக எடுக்க வேண்டும் என்று நின்று, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, ஜடை தெரிய ஒன்று எடுத்துக்கொண்டாள். சுருளில் மிச்சம் ஒரே படம்.

மாமியாரையும் கணவரையும் அக்காவையும் வரிசையாக நிறுத்தினேன். ஸ்டூலில் கேமராவை வைத்து, பட்டனை அமுக்கிவிட்டு நான் ஓடி வந்து நிற்பேன், பத்து வினாடியில் அதுவே எடுத்துக்கொள்ளும் என்று விளக்கினேன். மாமியார் யோசித்தார்.

"அப்ப நீ வந்து சேருத வரைக்கும் நாங்க மூணு பேருதான?"

"வந்துருவேன் அத்தை."

அமுக்கினேன். ஓடினேன். சேலை கட்டி ஓடிப் பழக்கமில்லாத கால், கொடியிலிருந்து நழுவிக் கிடந்த வேட்டியில் சிக்கியது. "ஏட்டி, ஓடியா! ஓடியா!" என்று மாமியார் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். கிளிக்.

கலர் சுருளை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தால், மதுரைக்கு அனுப்பிக் கழுவி வாங்கித் தருவார்கள். ஸ்டூடியோக்காரர் வருத்தமாகத்தான் நீட்டினார். "வீணாப்போச்சும்மா. பட்டுச்சேலைக்காரம்மா மட்டுந்தான் ஒழுங்கா நிக்காங்க." மாமியார் படத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். வாயைத் திறந்தபடி, சேலை விலகி, கண் பிதுங்க என்னை இழுக்கிறார். நான் பாதி விழுந்தபடி சிரிக்கிறேன். "இதையா ஒங்கப்பாவுக்கு அனுப்பப் போற? மானம் போயிரும்ட்டி!" என்றார். அவருக்குத் தெரியாமல் அனுப்பினேன்.

சில வாரம் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டி, "ரா, ரா! ஈப்போ போன்!" என்று கூவினாள். மாமியாரும் என் பின்னாலேயே வந்தார். அப்பாவிடம், படம் வந்ததா என்று கேட்டேன்.

"அவங்க கையைப் பார்த்தேன்மா" என்றார். "இந்தப் பிடியைவிட்டு நீ வரவும் வேணாம், நான் கூப்பிடவும் மாட்டேன்."

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தேன். மாமியார் என் தோளை உலுக்கினார்.

"என்னட்டி, அழுத? என்ன சொல்லுதாரு?"

"என்னை இங்கேயே இருக்கச் சொல்லுறார் அத்தை."

"இது ஒரு சேதின்னு போன் போட்டுச் சொல்லுதாராக்கும்?" என்றார் அவர். "பொறவு எங்க போவியாம் நீ?"