ஒரு ரூபாய் வைஃபை

சில மாதங்களுக்கு முன் என் மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். சின்ன ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். எல்லா ஆபரேஷனும் டாக்டருக்குச் சின்னதுதான்... வெளியே உட்கார்ந்திருப்பவனுக்குத்தானே தெரியும்?

காத்திருக்கும் ஹால் தரைக்குக் கீழே இருந்தது. அங்கே போன் பேசலாம், மெசேஜ் வரும். நெட் மட்டும் நகராது. பெங்களூரில் இருக்கும் மகள் 'அம்மாவை உள்ளே கூட்டிட்டுப் போயிட்டாங்களா, ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா' என்று கேட்டபடியே இருந்தாள். போட்டோ பாதி வழியில் சுற்றிக்கொண்டே நின்றது.

போனில் வைஃபையைத் தட்டிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியின் பெயரோடு 'விருந்தினர்' என்று ஒன்று தெரிந்தது. பூட்டுக் குறி கிடையாது. தொட்டேன், திறந்துகொண்டது. ஆஸ்பத்திரியின் படம், கீழே இரண்டு வரி. 'வைஃபை முற்றிலும் இலவசம். நீங்கள்தான் என்று உறுதி செய்ய ஒரு ரூபாய் மட்டும் பிடிக்கப்பட்டு உடனே திருப்பித் தரப்படும்.'

ஒரு ரூபாய்தானே?

பர்ஸிலிருந்து கார்டை எடுத்தேன். ஆஸ்பத்திரி பில் கட்டுவதற்காக வைத்திருந்த அதே கார்டு. முன்பக்க எண், மாதம், வருடம், பின்பக்கத்து மூன்று எண்கள் – எல்லாவற்றையும் நிதானமாக டைப் செய்தேன். ஓ.டி.பி. வந்தது. அதையும் போடப் போனேன்.

"ஏனுங்கண்ணா, கொஞ்சம் நில்லுங்க. அதைப் போட்றாதீங்க."

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். நான் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு டைப் செய்வதைப் பார்த்திருக்கிறார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பது என்ன பழக்கம்?

"வைஃபைக்குத்தாம்மா. ஒரு ரூபாய்தான்."

"அந்த மெசேஜை முழுசாப் படிச்சுப் பாருங்கண்ணா."

படித்தேன். ஓ.டி.பி.க்கு முன்னால் தொகை போட்டிருந்தது. ஒரு ரூபாய் இல்லை. பின்னால் இருந்த பூஜ்யங்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். கணக்கில் இருந்ததில் பெரும்பகுதி. இத்தனை வருடமாக ஓ.டி.பி. மெசேஜில் அந்த எண்களை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மற்ற வார்த்தைகளையும் யாரோ நமக்காகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியதே இல்லை.

"வைஃபையை ஆஃப் பண்ணிட்டு, பேங்குக்கு போன் பண்ணி கார்டை நிறுத்தச் சொல்லுங்க. நம்பர் பூரா அவங்ககிட்ட போயிருச்சுங்களே" என்றார். கார்டின் பின்னால் அச்சடித்திருந்த எண்ணுக்கு அடித்தேன். நிறுத்தினார்கள். பணம் போகவில்லை என்றும் உறுதி சொன்னார்கள்.

மூச்சு வந்த பிறகுதான் கேட்டேன். "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

அவர் கையில் இருந்த ஃபைலைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"நேத்து மத்தியானம் நான் போட்டுட்டனுங்க."

அவர் பெயர் மகேஸ்வரி. திருச்செங்கோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். மாமனாருக்கு நெஞ்சுவலி என்று ஓடி வந்திருக்கிறார். கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு சத்தீஸ்கரில். அப்பாவின் வைத்தியத்துக்கென்று அவர் அனுப்பிய பணம்தான் போயிருக்கிறது. கார்டை நிறுத்தியதோடு சரி. யாரிடமும் மூச்சு விடவில்லை.

"ஊட்டுக்காரருக்கே இன்னும் தெரியாதுங்க. முதல் ஆளா உங்ககிட்டத்தான் சொல்றேன். டீச்சரே ஏமாந்துட்டாங்கன்னு ஊர்ல சிரிப்பாங்கல்லங்க... அதான் கம்முனு இருந்துட்டேன். நீங்க கார்டை எடுத்ததும் மனசு கேக்கலைங்க."

யோசித்துப் பாருங்கள். என்னைத் தடுத்தால் எப்படித் தெரியும் என்று நான் கேட்பேன்; அப்போது கட்டிய கணவரிடமே சொல்லாத விஷயத்தை முன்பின் தெரியாத ஒருவனிடம் அவர் சொல்லியாக வேண்டும். சொன்னார். அவர் இடத்தில் நான் இருந்தால்? முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேனோ என்று இப்போதும் சந்தேகம்தான்.

இருவரும் ரிசப்ஷனுக்குப் போனோம். அங்கிருந்தவர் திகைத்துப் போனார். "எங்க வைஃபை ஸ்டாஃபுக்கு மட்டும்தான் சார். வெளியாளுக்குக் கொடுக்கிறதே இல்லையே." யாரோ ஒருவன் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி பெயரில் ஒரு ஹாட்ஸ்பாட்டைத் திறந்து வைத்திருக்கிறான். பெயர் வைப்பதற்குக் காசா, பணமா? யாரும் எந்தப் பெயரும் வைக்கலாம்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் உடனே மைக்கில் சொன்னார்கள். ஹாலில் இருந்த எல்லோரும் போனை எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் மட்டும் சத்தமில்லாமல் எழுந்து, ஓரமாகப் போய் பேங்குக்கு போன் செய்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மகேஸ்வரியை உட்கார வைத்து, சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்தேன். "ஒரு நாள் ஆயிருச்சுங்களே, இனி என்னத்தைக் கிடைக்கப் போகுது?" என்றார். சொல்லித்தான் பார்ப்போமே என்றேன். எந்த பேங்க், எந்த நேரம், எவ்வளவு என்று மறுமுனையில் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் எஞ்சியிருந்ததை முடக்கிவிட்டதாக மாலைக்குள் தகவல் வந்தது.

இனி கணவரிடம் சொல்வதுதான் மிச்சம். தயங்கித் தயங்கித்தான் அவருக்கு போன் போட்டார். அழுகையோடு எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், அந்தப் பக்கம் லாரி சத்தத்துக்கு நடுவே அவர் பேசியது எனக்கே கேட்டது.

"போச்சாது உடு சாமி, பணந்தானே. அப்பா கண்ணு முழிச்சாரா? நீ சாப்பிட்டயா?"

மகேஸ்வரி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார். நான் எழுந்து கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன்.

என் மனைவி வார்டுக்கு வந்து, மயக்கம் தெளிந்ததும் நடந்ததைச் சொன்னேன். எவ்வளவு பணம் தப்பியது என்று கேட்பாள் என நினைத்தேன். "அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சா? ஏதாவது வாங்கிக் கொடுத்தீங்களா?" என்றாள். கீழே கேன்டீனுக்கு ஓடி, இட்லி வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே மகேஸ்வரி சொன்னார், முந்தின நாளிலிருந்து வெறும் டீதான் என்று.

மகேஸ்வரியின் மாமனார் நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார். போலீஸ், கோர்ட் என்று அலைந்து, முடக்கிய பணம் போன வாரம் கைக்கு வந்துவிட்டதாம். போனதில் பாதிக்கு மேல். மகேஸ்வரி போன் செய்து என்னிடம் நன்றி சொன்னார். நன்றி சொல்ல வேண்டியது யார்?

நான் இப்போது பேங்க் வேலைக்குப் பொது வைஃபை பக்கமே போவதில்லை. கார்டில் ஆன்லைன் வசதியைத் தேவைப்படும்போது மட்டும் திறந்து, முடிந்ததும் மூடிவிடுகிறேன். ஓ.டி.பி. மெசேஜை முதல் எழுத்திலிருந்து படிக்கிறேன். இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததாக இருக்கலாம்.

ஆனால் அந்த ஹாலில் புரிந்தது வேறு. திருடன் நம் கார்டை மட்டும் நம்பித் தொழில் செய்வதில்லை. நம் வெட்கத்தையும் நம்பியிருக்கிறான். ஏமாந்தவர் வெளியே சொல்லமாட்டார் என்ற தைரியத்தில்தான் அதே இடத்தில் மறுநாளும் கடை விரிக்கிறான்.

அதனால், ஏமாந்திருந்தால் சத்தமாகச் சொல்லிவிடுங்கள்... பக்கத்து நாற்காலியில் என்னைப் போல் ஒருவன் உட்கார்ந்திருப்பான்.