அமீர் ஹம்சா படகுக்குப் பாய் தைத்த கதை

என் அக்கா இஸ்மத்தின் கணவர் அமீர் ஹம்சாவுக்குக் காற்றைக் கண்டால் ஆகாது. கோட்டைமேட்டில் முப்பது வருடமாக லாரிப் படுதாவும் கடைத்தெரு பேனரும் தைத்துக்கொண்டிருந்த மனிதர். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று ஊரிலுள்ள பேனரையெல்லாம் கந்தலாக்கிவிடும். மச்சான் தைத்தது மட்டும் நிற்கும். துணியில் அங்கங்கே அரைவட்டமாக வெட்டிவிடுவார். காற்று அந்த வழியே புகுந்து போய்விடும். "நான் தச்ச துணி கிழிஞ்சு திரும்பி வந்ததே இல்லைங்க" என்று யாரும் கேட்காதபோதும் சொல்வார். அந்தப் பெயர்தான் அவருடைய சொத்து. வேறு சொத்து கிடையாது, அது எனக்கு நன்றாகத் தெரியும்.

தொண்ணூற்று நான்கில், மில் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்ற சத்தியசீலன் சார் கொச்சியிலிருந்து ஒரு பழைய பாய்மரப் படகை டெம்போவில் ஏற்றி வந்தார். இரண்டு பேர் உட்காரலாம். அடியில் விரிசல், பாய்மரம் வளைசல், பாயை எலி தின்றிருந்தது. கடலில்லாத ஊரில் படகு எதற்கு என்று கேட்டால், "உக்கடம் பெரியகுளம் இருக்குதுங்களே" என்பார். புத்தகம் படித்தே படகோட்டக் கற்றுக்கொண்ட ஆள்.

விரிசலை பஸ் பாடி கட்டும் பட்டறையில் அடைத்தார்கள். பாய்மரத்துக்கு அலுமினியக் குழாய், அதை மூன்று பக்கமும் இழுத்துப் பிடிக்கக் கம்பி வடம், பாயை ஏற்றி இறக்கக் கொடிமரத்துக் கப்பி, எல்லாம் என் ஹார்டுவேர் கடைச் சரக்கு. பாய் மட்டும் மச்சான் பொறுப்பு. பழையதை விரித்து, அதன் அளவுக்குப் புதுத் துணியில் சாக்கட்டியால் வரைந்து, முக்கோணமாக வெட்டி, ஓரத்தில் கயிறு வைத்து இரட்டைத் தையல் போட்டார். நான்கு நாள் கடைக்குள் யாரையும் விடவில்லை.

வெள்ளோட்டத்தன்று கோட்டைமேடே குளத்தின் மேற்குக் கரையில் கூடிவிட்டது. மச்சான் இஸ்திரி போட்ட சட்டையில், "ஏனுங்க, நம்ம வேலைங்க" என்று ஆளாளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். சார் படகில் ஏறிப் பாயை ஏற்றினார். வேட்டியைப் பிடுங்கும் காற்று. பாய் படபடவென்று அடித்ததே தவிர, படகு எருமை மாதிரி நின்ற இடத்திலேயே நின்றது.

சார் அண்ணாந்து பார்த்தார். "ஹம்சா, என்னங்க இத்தனை ஓட்டை?"

"பதினாறுங்க சார். காத்து போறதுக்கு."

"காத்து போகக் கூடாதுங்க! நிக்கோணும். நின்னாத்தானுங்களே படகைத் தள்ளும்?"

கரையில் ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும். மச்சான் முகம் செத்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

"ஊட்டுக்குப் போயிரலாமுங்க மச்சான்" என்றேன்.

"தப்பாத் தச்சுப்போட்டு எப்படிடா போறது?"

படகைக் கரைக்கு இழுக்கச் சொன்னார். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, தொங்கிய பதினாறு மடலையும் அதனதன் இடத்தில் வைத்துக் கையாலேயே தைத்தார். ஒன்றரை மணி நேரம். சிரித்தவர்களில் பாதிப் பேர் வெயில் தாங்காமல் போய்விட்டார்கள். கடைசி நூலைப் பல்லால் கடித்துவிட்டு, நீச்சல் தெரியாத மனிதர் படகில் ஏறி உட்கார்ந்தார்.

"கிழிஞ்சா நானே புடிச்சுக்கறேன். உடுங்க சார்."

பாய் விம்மியது. படகு ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் பறந்தது. "யா அல்லா" என்ற குரல் மட்டும் எங்களுக்குக் கேட்டது. நான் டிவிஎஸ் ஐம்பதை விரட்டிக்கொண்டு குளத்தைச் சுற்றிப் போனேன். கிழக்குக் கரையில் ஆகாயத்தாமரைக்குள் மூக்கைச் செருகி நின்றிருந்தது படகு. மச்சான் தொப்பலாக நனைந்து, பாயைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அடிபட்டுவிட்டதோ என்று பதறிப்போனேன்.

"முப்பது வருசமா இந்தக் காத்தை ஓட்டை போட்டுத் தொரத்தி உட்டுட்டேனே நிஜாம். நம்மளத் தூக்கிட்டுப் போகும்னு யாருமே சொல்லலையேடா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சாரிடம் திரும்பினார். "அந்தக் கரைக்குத் திரும்பிப் போலாமுங்களா சார்?"

"எதிர்க்காத்துல போற பாடம் நான் இன்னும் படிக்கலைங்க."

அப்படியானால் காற்று திரும்பட்டும் என்று மச்சான் படகிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆனிக் காற்று ஆவணி வரைக்கும் திரும்பாது என்று ஊரே சொல்லிப் பார்த்தது. மதியச் சோற்றை அக்கா தூக்குப்போசியில் படகுக்கே அனுப்பிவைத்தாள்.