காரணம் கேட்காத விடுப்பு

கரும்பலகை நிறையக் கிழமைகளை எழுதி, ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு நிற்கும் மிஸ்ஸைத்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பல்கலைக்கழகம் என்பதே இலங்கையின் கிழக்கில் எங்கள் கரைக்குப் புதிது. கல்முனையில் எங்கள் பிரிவுக்குக் கிடைத்தது, ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கி வைத்திருந்த நீளமான கட்டடம். எத்தனை தடவை கழுவினாலும் உமித்தூசி போகாது. தும்மாமல் ஒரு விரிவுரையும் முடிந்ததில்லை. அந்தக் கட்டடத்தில் வைத்துத்தான் சமூக நல்வாழ்வு என்ற பெயரில் ஒரு பகுதிநேரப் பட்டத்தை வடிவமைக்கும் வேலையை மிஸ்ஸிடம் கொடுத்திருந்தார்கள். அவருக்குக் கைகொடுக்க உதவி விரிவுரையாளராக என்னைப் போட்டார்கள்.

மிஸ் கல்முனைத் தமிழர், மெதடிஸ்ட் குடும்பம். நான் சாய்ந்தமருதுச் சோனகப் பெண். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் நம்பாத அந்தக் காலத்தில் எங்கள் இரண்டு பேரையும் ஒரே குடையின் கீழ் பார்த்தால் சந்தையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மிஸ்ஸுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. நடந்துகொண்டே வாசிப்பார், நின்றுகொண்டே எழுதுவார், நான் ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்குமுன் அதற்கான பதிலைத் தொடங்கிவிடுவார். தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டு மறந்துபோய் இன்னொன்று ஊற்றுவார். நானும் பொறுமைசாலி இல்லை. எங்கள் அறையில் கதிரைகள் இருந்தன, உட்கார ஆள் இல்லை என்று பக்கத்து அறைக்காரர்கள் பகிடி பண்ணுவார்கள்.

பட்டம் யாருக்கு என்பதில் மிஸ்ஸுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பாலர் பாடசாலை ஆசிரியைகள், மருத்துவிச்சிகள், அகதி முகாம்களில் ஓடித் திரிந்தவர்கள், விதவைகள் சங்கம் நடத்துகிறவர்கள் என்று ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறவர்களுக்குத்தான். வேலையை விடாமல், வீட்டை விடாமல் அவர்கள் படிக்க வேண்டும். முதலில் ஒரு முன்னோடி வகுப்பை நடத்திப் பார்த்து, அதன் அனுபவத்தை வைத்து விதிகளைத் திருத்தி, பிறகு பல்கலைக்கழகத்தின் உயர் சபையான மூதவையில் நிரந்தர அனுமதி எடுப்பதாக ஏற்பாடு. அந்த வகுப்புக்குத் தெரிவானவர்களைக் கூப்பிட்டு, உங்களுக்கு எப்போது வர முடியும் என்று மிஸ் கேட்டார். கேட்டது வினையாகப் போயிற்று. வெள்ளி ஜும்ஆத் தொழுகை. ஞாயிறு காலை ஆராதனை, அதே நேரம் பிள்ளைகளுக்குக் குர்ஆன் மதரசா. காரைதீவிலிருந்து வந்தவர் அறுவடை நேரம் வரவே மாட்டேன் என்றார். பெரியநீலாவணைப் பெண்ணுக்குத் தோணி கரைக்கு வருகிற நேரமெல்லாம் மீன் விற்கப் போக வேண்டும். திருக்கோவில் பக்கம் போகிறவர்களுக்கு ஐந்து மணிக்குப் பிறகு பஸ் இல்லை, இருந்தாலும் சோதனைச்சாவடியில் இறக்கி ஏற்றி வீடு போய்ச் சேர இருட்டிவிடும். மஃரிப் தொழுகைக்கு, பொழுதுபடுவதற்கு முன் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்றார்கள் எங்கள் பெண்கள். மிஸ் ஒவ்வொரு கிழமையாக அழித்தார்.

"ஆண்டவர் ஆறு நாளில உலகத்தையே படைச்சிட்டார் தங்கச்சி. எங்களுக்கு ஒரு பின்னேரம் கிடைக்குதில்ல" என்றார்.

கடைசியில் சனிக்கிழமைப் பின்னேரம் மிஞ்சியது. நோன்பு மாதத்தில் காலைக்கு மாற்றுவது, நெல் வெட்டுக் காலத்தில் வகுப்பை நிறுத்தி வைப்பது, கிறிஸ்மஸ், பொங்கல், பெருநாள் எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பது என்று வரைபில் ஒரு குறையும் இல்லை. நெகிழ்வான பட்டம் என்ற சொல்லை மிஸ் வாயில் போட்டு மென்றுகொண்டே திரிந்தார்.

நெகிழாத இடம் ஒன்றே ஒன்றுதான். முதல் கூட்டத்தில் மூதவையின் மூத்த பேராசிரியர் ஒருவர், "இது பட்டமா, பின்னேரத் தேத்தண்ணியா?" என்று கேட்டிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். மிஸ்ஸுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அடுத்த கூட்டத்துக்கு, பகல் மாணவர்களுக்குக்கூட இல்லாத ஒரு வரவு விதியைத் தன் கையால் எழுதிக் கொண்டு போனார். தொடர்ந்து மூன்று வகுப்புக்கு வராதவரின் பெயர் நீக்கப்படும், நீக்கப்பட்டவர் மீண்டும் விண்ணப்பிக்க முடியாது. ஆஸ்பத்திரியில் கிடந்தால் மட்டும் விலக்கு. பேராசிரியரே முதல் ஆளாகத் தலையாட்டினார். மிஸ் அன்றைக்கு ஒரு வெற்றிவீரரைப் போலத் திரும்பி வந்தார். எனக்கும் அது பெரிய சந்தோஷமாகத்தான் இருந்தது.

முன்னோடி வகுப்பில் மருதமுனையிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பதை நெருங்குகிற வயது. விதவைகளுக்கான தையல் நிலையம் ஒன்றை நடத்தினார். வகுப்பில் எல்லாருக்கும் அவர் ராத்தாதான், அக்கா என்று கூப்பிடுகிற தமிழ்ப் பிள்ளைகளும் அப்படியே கூப்பிடப் பழகியிருந்தார்கள். உயர்தரம் நன்றாகச் சித்தியடைந்தும் கல்யாணம் முந்திக்கொண்டதால் பல்கலைக்கழகம் போகாதவர். இந்தப் பட்டம் தனக்கு அல்லாஹ் இரண்டாவது தடவையாகத் திறந்த கதவு என்று சொல்வார். அவருடைய கணவர், பஜாரில் சின்னப் புடவைக்கடை வைத்திருந்தவர், வகுப்பு தொடங்கிக் கொஞ்சக் காலத்தில், ஒரு நாள் அதிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. ராத்தா இத்தாவில் இருந்தார். கணவன் மௌத்தான பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும், வெளி ஆண்களின் முன் வரக்கூடாது, எங்கள் ஊர்களில் வெள்ளைதான் உடுப்பு. மூன்று வகுப்பென்ன, பருவமே போய்விடும்.

எல்லாச் சமயத்துக்கும் எல்லாத் தொழிலுக்கும் இடம் வைத்து எழுதிய நாங்கள், சாவுக்கு இடம் வைக்கவில்லை. அதுவும் விதவைகளோடு வேலை செய்கிறவர்களுக்கென்று ஒரு பட்டத்தை எழுதிவிட்டு.

"உங்கட ஆக்களுக்கு இப்பிடி ஒண்டு இருக்கெண்டு நீ ஒரு வார்த்தை சொல்லல்லயே" என்று மிஸ் என்மேல் பாய்ந்தார்.

"நான் இன்னும் கல்யாணமே முடிக்கல்ல மிஸ். இத்தாவை எங்க நினைக்கிற?" என்றேன் நானும்.

விதியைத் தளர்த்தலாம் என்று நான் சொன்னதும் மிஸ் அறையை இரண்டு தரம் சுற்றி வந்தார். தளர்த்தினால் அந்தப் பேராசிரியர் மறுபடியும் சிரிப்பார், நிரந்தர அனுமதியும் போகும். விட்டால் ராத்தா போய்விடுவார். சுற்றி முடித்ததும் மிஸ்ஸின் முகம் தெளிந்தது. மாணவி வகுப்புக்கு வர முடியாவிட்டால் வகுப்பு மாணவியிடம் போகும். நாங்கள் இரண்டு பேரும் பெண்கள், வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள், போய்ப் படிப்பிக்க என்ன தடை? விதியும் முறியாது, ராத்தாவும் போகமாட்டார். எனக்கும் அது பிரமாதமாகத்தான் பட்டது. கட்டடத்தின் மூலையில் கிடந்த சின்னக் கரும்பலகை ஒன்றைத் துடைத்து, ஓட்டோவில் குறுக்காக வைத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு மருதமுனைக்குப் போனோம். சோதனைச்சாவடியில் நின்றவர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்பதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது போலும்.

ராத்தாவின் வீடு கடலுக்குப் போகும் ஒழுங்கையில் இருந்தது. அவருடைய உம்மா எங்களை உள்ளறைக்குக் கூட்டிப்போனார். ராத்தா வெள்ளைச் சீலையோடு பாயில் இருந்தார். முகம் வாடியிருந்ததே தவிர, நான் எதிர்பார்த்த மாதிரி உடைந்துபோயிருக்கவில்லை. மிஸ் பாயின் ஓரத்தில் குந்தியும் குந்தாமலும் இருந்துகொண்டு திட்டத்தை விளக்கினார். எந்த நேரம் வசதி, யார் யார் வருவார்கள், குறிப்புகளை எப்படிக் கொடுப்பது, எல்லாம். ராத்தா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க பலகையெல்லாம் தூக்கிக்கிட்டு வந்திரிக்கீங்க. நான் என்னத்தச் சொல்ற மிஸ்" என்றார். "ஆனா வகுப்ப இஞ்ச கொண்டு வராதீங்க."

"உங்களுக்கு ஏலுமான நேரத்தச் சொல்லுங்க, மாத்துவம்."

"நேரமில்ல மிஸ் விசயம். இந்த ஊர்ல ஆர்ர மாப்பிள மௌத்தானாலும் நான்தான் போய் நிக்கிற. மரணப் பதிவுக்கும் நான்தான், நிவாரணத்துக்கும் நான்தான். இப்பதான் ஒருத்தரும் என்னட்ட ஒண்டும் கேட்டு வாறல்ல. இத்தாவில இரிக்கிறவள்ட்ட என்னத்தக் கேக்கிற எண்டு விட்டுட்டுப் போறாங்க. என்ட மனுசன நினைச்சி அழ எனக்கு இந்த நாள்தான் இரிக்கி. அதுக்குள்ள வகுப்பு வேணாம்."

 பிறகு ராத்தா மிஸ்ஸின் கையைப் பிடித்தார்.

"என்ட இடத்த மட்டும் வச்சிரிங்க. நான் வந்திருவன்."

திரும்பி வரும்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு பாடுபட்டு வழி கண்டுபிடித்தால் வேண்டாமாம். அதோடு, இத்தா எல்லாருக்கும் ஓய்வாக அமைவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். உழைத்துக் கொடுக்க ஆள் இல்லாமல் அந்த நாட்களை அரைப்பட்டினியாகக் கழித்த பெண் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தார். அதை நான் மிஸ்ஸிடம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். மிஸ் பலகையின் முனையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பாண்டிருப்பு தாண்டும்போது, "சும்மா இருக்கிறதுக்கு ஒரு மனுசி இடம் கேக்கிறா" என்றார். அவருக்கும் கோபம்தான், ஆனால் அது என் கோபம் மாதிரி இல்லை என்பது குரலில் தெரிந்தது.

மிஸ்ஸின் தம்பி தொண்ணூறாம் ஆண்டு, யுத்தம் மறுபடி மூண்ட நேரம், வீட்டைவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. இது கல்முனையில் எல்லாருக்கும் தெரியும், மிஸ்ஸிடம் மட்டும் ஒருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. போதகர் ஒரு ஜெப ஆராதனை வைப்போமா என்று கேட்டபோது, ஆள் இல்லாமல் என்ன ஆராதனை என்று மிஸ் எழும்பிப் போய்விட்டாராம். அன்றைக்குப் பிறகு அவர் எழும்பியபடியேதான் இருந்தார். வேலைமேல் வேலையாக இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய சுறுசுறுப்பை நாங்கள் எல்லாரும் மெச்சினோம். அதற்காகவே இந்தப் பட்டத்தை அவரிடம் கொடுத்தார்கள். இப்போது நினைத்தால் எனக்குத் துக்கமாக இருக்கிறது.

ராத்தாவின் பெயரை நீக்காமல் மிஸ் ஒரு புதிய விதியை எழுதினார். மாணவர் ஒருவர் எந்த நேரத்திலும் படிப்பை நிறுத்தி வைக்கலாம், விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம், காரணம் கேட்கப்படமாட்டாது. மூதவைக்கு வரைபுகளைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். பழைய பேராசிரியர்தான் முதலில் வாய் திறந்தார். காரணம் எழுதாமல் எப்படி விடுப்புக் கொடுப்பது, நாளைக்கு ஆளாளுக்குக் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனால் என்ன செய்வது?

"காரணம் சொல்லச் சொன்னா இந்தக் கரையில பாதிப் பேர் வாய் திறக்கப் பயப்படுவாங்க சேர்" என்றார் மிஸ். "மத்தப் பாதி அழுவாங்க. உங்களுக்கு எது வேணும்?"

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் கூடாது என்று வெட்டிக் குறைத்து ஏற்றுக்கொண்டார்கள். கற்கைநெறிக்கும் நிரந்தர அனுமதி கிடைத்தது.

இத்தா முடிந்து ராத்தா ஒரு சனிக்கிழமை வந்தார். பச்சைச் சீலை, தலையில் முக்காடு. வகுப்பு எழும்பி நிற்கலாமா வேண்டாமா என்று தடுமாறியது. மிஸ் அவர் பக்கம் திரும்பிப் பார்த்து, "நாங்க குடும்பங்கள் பற்றின பாடத்தில நிக்கிறம், உங்களுக்கு விட்டதை இவ தருவா" என்று என்னைக் காட்டிவிட்டுத் தொடர்ந்தார். வேறு ஒரு வார்த்தையும் இல்லை. ராத்தா கொப்பியைத் திறந்தார். எனக்குத்தான் கண் கலங்கியது, தும்முவது மாதிரிச் சமாளித்தேன்.

வகுப்பு முடிந்து எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடிய பிறகு மிஸ் கையிலிருந்த வெண்கட்டித் தூளைத் தட்டினார்.

"அடுத்த கிழமையிலிருந்து நீ எடு தங்கச்சி. நான் விடுப்பு."

"எங்க மிஸ் போறீங்க?"

"ஒரு இடமும் இல்ல, வீட்டிலதான். தம்பிக்கு நான் இன்னும் அழல்ல."

ஒரு வருடம் கழித்து வந்தார். அதன் பிறகும் பல காலம் படிப்பித்தார். ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு மட்டக்களப்பில் தங்கை வீட்டோடு இருந்தார், அங்கேயே காலமானார். அந்த ஒரு வருடம் வீட்டில் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திரும்பி வந்த மிஸ் பழையபடி வேகமாகத்தான் நடந்தார், ஆனால் நான் ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கப் பழகியிருந்தார்.

இப்போது அந்தக் கற்கைநெறிக்கு நான்தான் பொறுப்பு. நெற்களஞ்சியம் இல்லை, குளிரூட்டிய அறை, எல்லாம் கணினியில். புதிய முறைமையில் விடுப்பு எடுக்கிறவர் காரணத்தைத் தெரிவு செய்தாக வேண்டும். திருமணம், மகப்பேறு, சுகயீனம், வெளிநாட்டு வேலை, ஏனையவை. தெரிவு செய்யாமல் விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. செய்து தந்த இளைஞர் நல்ல பிள்ளை, மிகுந்த மரியாதையோடுதான் சொல்கிறார், இன்னும் என்ன காரணங்கள் வேண்டுமென்றாலும் சேர்த்துத் தரலாம் மேடம் என்று. நாளைக்கு அதற்கான கூட்டம். காலையிலிருந்து என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. இந்தப் பட்டியல் ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள், நான் மிஸ்ஸின் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். சொன்னால் அதையும் ஒரு காரணமாகச் சேர்த்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.