வெள்ளிக்கிழமை வந்த வாசகர்

இன்று மீஞ்சூர் ஸ்டேஷனில் பழவேற்காட்டுக்காரர் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"லைப்ரரி சார்தானே? உங்க சங்கத்தையே ஒருநாளு கம்முனு உக்கார வெச்சேனே, ஞாபகம் கீதா?"

இருந்தது. எழுபதுகளில் ஒரு வெள்ளிக்கிழமை, நூலக விடுமுறை. பகுதிநேர நூலகர்களை நிரந்தரமாக்கக் கோரி, நூலகத்துக்குள்ளேயே சங்கக் கூட்டம் போட்டுக் கத்திக்கொண்டிருந்தோம். கதவு திறந்திருந்ததால் இவர் வந்து பத்திரிகையை விரித்தார்.

"இன்னா சார், மன்சன் படிச்சிக்கினு கீறது தெரியல?" என்று சுவரிலிருந்த 'அமைதி காக்கவும்' பலகையைக் காட்டினார்.

தலைவர் உட்பட எல்லோரும் குரலைத் தாழ்த்தினோம். மிச்சக் கூட்டம் கிசுகிசுப்பிலேயே முடிந்தது.

"லீவுன்னு சொல்லியிருந்தா போயிருப்பேனே சார்," என்றார் இன்று.

படிக்க வந்தவரை எந்த நூலகர் போகச் சொல்வார்?

எங்கள் கோரிக்கை மேலிடத்தின் காதில் விழ ஏன் அத்தனை வருஷம் ஆனது என்று இப்போது புரிகிறதா?