காது மடலைத் தொட்டால்

மேலுதட்டில் தடவிய தேன் மூக்குக்குக் கீழேயே மணக்கும். என் நாக்கோ கீழ்ப்பல்லைத் தாண்ட மறுக்கும். நான்கு வயதில், காஞ்சிபுரத்து வீட்டில், கண்ணாடிக்கு முன்னால் தினமும் காலையில் நான் பட்ட பாடு அது. தேனை ஒருவழியாக நக்கி முடித்தால், தரையில் போட்ட பட்டுநூல் துணுக்குகளை வாயால் ஊதித் தள்ள வேண்டும், பிறகு கேரட் துண்டைக் கடைவாயில் வைத்துக் கடிக்க வேண்டும். மற்ற பிள்ளைகளுக்குத் தானாக வந்ததை நான் பாடமாகப் படித்தேன்.

வீட்டில் அம்மாவுக்கு ஒரு தறி, அப்பாவுக்கு ஒரு தறி. அந்தச் சத்தத்தில் கத்திப் பேசுவதைவிடக் கையைக் காட்டுவது சுலபம் என்பதால் இருவரும் சைகையிலேயே குடும்பம் நடத்தினார்கள், நானும் அதையே கற்றுக்கொண்டேன். கட்டைவிரல் உதட்டுக்குப் போனால் தண்ணீர். காது மடலைத் தொட்டால் "பக்கத்துல வா". அது எனக்கும் அம்மாவுக்கும் மட்டுமே தெரிந்தது. நான் மென்று தின்ன நேரமாகும் என்று சோற்றைக் "கொழகொழ"வெனப் பிசைந்து ஊட்டிவிட்டு அம்மா தறிக்கு ஓடுவார். வீட்டில் நான் சத்தமே போடாத "தங்கமான புள்ள", தெருவில் "ஊமைக்கோட்டான்". எச்சில் ஒழுகுகிறவளைப் பாண்டி ஆட யார் சேர்ப்பார்கள்?

பள்ளியில் சேர்க்கும் வயது நெருங்கியபோதுதான் அம்மா பயந்துபோய்ப் பேச்சுப் பயிற்சி தருகிற டாக்டரம்மாவிடம் என்னைத் தூக்கிப் போனார். வாய்த் தசையில் வலு இல்லை என்று சொல்லி, தேனையும் ஊதலையும் கற்றுக்கொடுத்த அவர், கடைசியில் ஒன்று சொன்னார்: "கை காட்டினா உடனே குடுத்துடாதீங்கம்மா. கொஞ்சம் பொறுத்துப் பாருங்க, வாயால சத்தம் வரட்டும்."

அம்மாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. மறுநாளிலிருந்து என் கையைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். வேளாவேளைக்குச் சோறும் தண்ணீரும் வந்தன. நான் கேட்டது எதுவும் வரவில்லை. நான் காது மடலைப் பிடித்துக்கொண்டு தறிக்கு எதிரே நிற்பேன். அவர் பார்ப்பார், கண் நிறையும், முகத்தைத் திருப்பிக்கொண்டு நெய்வார். அப்பாவுக்கும் அதே கட்டளை. மூன்று பேர் இருக்கிற வீட்டில் ஒரு குழந்தை தன்னந்தனியாக இருக்க முடியும் என்பதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். அம்மாவை அப்போது வெறுத்தேன்.

ஒரு மத்தியானம், அழுகைக்கு நடுவே என் உதடுகள் மூடித் திறந்தன. "மா."

தறி நின்றது. "இன்னா சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லும்மா!" என்று அம்மா கால் வைத்து நெய்யும் தறிக்குழியிலிருந்து ஏறி ஓடிவந்தார்.

அடுத்த முறை போனபோது அம்மா பெருமையாக எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா திடுக்கிட்டுப் போனார். "கொஞ்சம் பொறுங்கன்னுதானேம்மா சொன்னேன்? கையையே பாக்காதீங்கன்னு சொல்லலியே!" பேருந்தில் வீடு வரும்வரை அம்மா என்னை மடியைவிட்டு இறக்கவில்லை. அதற்குள் நான் கை காட்டுவதை விட்டிருந்தேன்.

இன்று பெங்களூரில் நாள் முழுக்கத் தொலைபேசியில் பேசுவதுதான் எனக்கு வேலை. வேலை முடிந்தால் பேச ஆளில்லாத அறை. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அம்மாவை அழைத்தபோது அவர் குரல் எனக்குக் கேட்டது, என் குரல் அவருக்குப் போகவில்லை. "ஒண்ணும் கேக்கலமா" என்றார். இத்தனை வருடம் கழித்து என் கை தானாகக் காது மடலுக்குப் போனது.

அம்மா முகத்தைத் திரைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து உற்றுப் பார்த்தார். "காதுல இன்னாமா? வலிக்குதா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.